கிளாரா பார்ட்டன்: பேரிடர்க் களத்தில் செவிலியர் பணி

பேரிடர்க் காலத்தில் செவிலியர் ஆற்றும் பணி, காயத்திற்குக் கட்டுப்போடுவதோடு முடிந்துவிடுவதில்லை. பிழைத்தவர் யார், காணாமற்போனவர் யார் என்று பெயர் எழுதுவது, குடிநீரின் தூய்மையைக் கவனிப்பது, உணவை முறையாகப் பங்கிடுவது, தொற்றுநோய் தலைகாட்டும் முன்னரே அதன் அறிகுறிகளைக் கண்டறிவது, வீடிழந்தோர் மீண்டும் தம் காலில் நிற்கும்வரை உடனிருப்பது ஆகிய அனைத்தும் அப்பணியில் அடங்கும். இவற்றை இன்று நீங்கள் இயல்பான ஏற்பாடுகளாகக் கருதக்கூடும். ஆயின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் இவ்வாறான ஏற்பாடு எதுவும் இல்லை. அதனை அங்கு உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கிளாரா பார்ட்டன். அவரது வாழ்க்கையை அறிந்துகொண்டால், நிவாரண முகாமில் ஒரு செவிலியர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய காரணத்தை நீங்கள் உணர்ந்துகொள்ளலாம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

கிளாரா பார்ட்டன் 1821-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. மிகுந்த கூச்ச இயல்பு உடையவராக வளர்ந்தார். அவருக்கு ஏறத்தாழ 11 வயதானபோது, அண்ணன் டேவிட் களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். சிறுமி கிளாரா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரை அருகிருந்து கவனித்தார். மருந்து கொடுப்பது மட்டுமன்றி, அக்கால மருத்துவ வழக்கப்படி அட்டைகளை உடலில் விட்டு இரத்தம் எடுப்பதையும் கற்றுச் செய்தார். அவர் பெற்ற செவிலியர் பயிற்சி என்று கூறத்தக்கது இது ஒன்றே. அமெரிக்காவில் முறையான செவிலியர் பயிற்சிப் பள்ளிகள் 1873-ஆம் ஆண்டையொட்டியே தோன்றின என்பதை இங்கு நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பதின்ம வயது முடியும் முன்னரே அவர் ஆசிரியரானார். 1852-ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் போர்டன்டவுன் நகரில் கட்டணமில்லாப் பொதுப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். விரைவிலேயே சில நூறு மாணவர் சேர்ந்தனர். பள்ளி வளர்ந்ததும், அதனை நடத்தும் பொறுப்பு கூடுதல் ஊதியத்துடன் ஓர் ஆடவருக்கு வழங்கப்பட்டது. கிளாரா அப்பணியிலிருந்து விலகி வாஷிங்டன் நகருக்குச் சென்றார். அங்குக் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியேற்று, ஆடவருக்கு நிகரான ஊதியம் பெற்ற மிகச் சில பெண்களுள் ஒருவரானார். ஆவணங்களைப் பிழையின்றிப் படியெடுப்பதே அவரது அன்றாட வேலை. பிற்காலத்தில் பேரிடர்க் களங்களில் அவர் பட்டியல்களுக்கு அளித்த முதன்மைக்கு இந்த அலுவலகப் பழக்கமும் துணைநின்றது எனலாம்.

போர்க்களத்தில் கற்ற பாடம்

1861-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. பால்டிமோர் நகரில் கலகக் கும்பலின் தாக்குதலுக்கு உள்ளான மாசசூசெட்ஸ் படைப்பிரிவு வாஷிங்டனை வந்தடைந்தபோது, உடைமைகளை இழந்த அவ்வீரர்கள் செனட் அவைக் கூடத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் கிளாராவின் சொந்த ஊர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர் தம் வீட்டிலிருந்த துணிகளையும் உணவையும் எடுத்துச்சென்று வழங்கினார். பின்னர்ச் செய்தித்தாள் வழியாக வேண்டுகோள் விடுத்துப் பொருள்களைத் திரட்டினார். குறுகிய காலத்தில் அவரது தங்குமிடமே ஒரு கிடங்காக மாறியது.

காயமடைந்தோர் நகர மருத்துவமனைகளை அடைவதற்குள் பலர் இறந்துவிடுவதை அவர் கண்டார். மருந்தும் கட்டுத்துணியும் இருக்கும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் வேறொன்று என்பதே இக்குறையின் மூலம் என்று அவர் உணர்ந்தார். போர்முனைக்குப் பெண்கள் செல்வதை அன்றைய சமூகமும் படைத்துறையும் ஏற்கவில்லை. இடைவிடாது முயன்று, 1862-ஆம் ஆண்டு கோடையில் அவர் அனுமதி பெற்றார்.

அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஆன்டீட்டம் களத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. அங்கு அறுவை மருத்துவர்களிடம் கட்டுத்துணி தீர்ந்துபோய், சோளக்கதிரின் மடல்களைக் கொண்டு காயங்களை மூடிக்கொண்டிருந்தனர். கிளாரா பொருள்கள் ஏற்றிய வண்டியுடன் அவ்விடத்தை அடைந்தார். கட்டுத்துணியுடன் விளக்குகளையும் அவர் கொண்டுவந்திருந்ததால், இருட்டிய பின்னரும் அறுவைச் சிகிச்சை தொடர முடிந்தது. ஒரு வீரருக்கு அவர் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கிக் குண்டொன்று அவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரரின் உயிரைப் பறித்தது. இரவில் விளக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணியது சிறு செயலாகத் தோன்றலாம். பேரிடர் ஆயத்தம் என்று இன்று நாம் கூறுவது, அத்தகைய சிறு செயல்களின் தொகுப்பே ஆகும்.

பெயர்ப் பட்டியல் எனும் மருந்து

போர் 1865-இல் முடிந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தம் பிள்ளைகள் உயிருடன் உள்ளனரா, இறந்தனரா என்பது தெரியவில்லை. கிளாரா வாஷிங்டனில் காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். அங்கு 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. 22,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் நிலை கண்டறியப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஏறத்தாழ 13,000 வீரர்கள் புதைக்கப்பட்டிருந்தனர். டோரன்ஸ் அட்வாட்டர் என்னும் இளம் கைதி மறைவாக வைத்திருந்த இறப்புப் பட்டியலின் துணையுடன், அக்கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவற்றிற்குப் பெயர் பொறிக்கப்பட்டது.

இதனை மருத்துவப் பணியாகக் கருதலாமா என்று நீங்கள் வினவலாம். கருதலாம். உறவினரின் நிலை தெரியாத நிலை, துயரத்தை ஆறவிடாமல் நீட்டிக்கிறது. உறக்கமின்மை, பசியின்மை, மனச்சோர்வு ஆகியன அதன் விளைவுகள். ஆதலால் முகாமில் பெயரும் ஊரும் உறவும் எழுதப்படும் பதிவேடு, மருந்துப் பெட்டிக்கு இணையான தேவையாகும்.

செவிலியரும் நோயாளியாகலாம்

தொடர்ந்து உழைத்த கிளாராவின் உடலும் மனமும் தளர்ந்தன. போர்க்களச் செய்திகளை ஊர்தோறும் சென்று சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தபோது அவரது குரல் எழும்பாமற்போனது. மருத்துவர்கள் ஓய்வு கொள்ளுமாறு கூறியதன்பேரில் 1869-இல் ஐரோப்பாவிற்குச் சென்றார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் மீண்டும் களமிறங்கினார். முற்றுகையால் சிதைந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஏழைப் பெண்களுக்குத் தையற்கூடம் அமைத்து, அவர்கள் தைத்த ஆடைகளுக்குக் கூலி வழங்கினார். நாடு திரும்பிய பின்னர்ப் பல ஆண்டுகள் கடும் தளர்ச்சியால் துன்புற்றார். 1876 முதல் நியூயார்க் மாநிலத்தின் டேன்ஸ்வில் என்னும் ஊரில் தங்கிச் சிகிச்சை பெற்றே உடல்நலம் தேறினார்.

துணிவும் ஈகையும் உடைய ஒருவர் சோர்வுறமாட்டார் என்று எண்ணுவது தவறு. பேரிடர்ப் பணியாளர்களுக்கு முறைவைத்து ஓய்வு அளிப்பது சலுகையன்று. அது நோயாளிகளின் பாதுகாப்பிற்கே உரிய விதியாகும்.

செஞ்சிலுவைச் சங்கமும் அமைதிக்காலப் பேரிடர்களும்

ஐரோப்பாவில் தங்கியிருந்தபோது, 1864-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைப் பற்றியும் செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றியும் கிளாரா அறிந்தார். போரில் காயமுற்றோரைக் காப்பதற்காக ஏற்பட்ட உடன்படிக்கை அது. அமெரிக்கா அதில் கையொப்பமிடவில்லை. தங்கள் நாட்டில் இனிப் போர் வராது என்று அங்குப் பலரும் கருதினர். வெளிநாட்டு உடன்படிக்கைகளில் சிக்கிக்கொள்ளலாகாது என்ற அச்சமும் இருந்தது. அவர்களுக்குக் கிளாரா தந்த விடை எளியது: போர் வராவிடினும் வெள்ளமும் தீயும் கொள்ளைநோயும் வரும், அவற்றுக்கும் அதே ஆயத்தம் தேவை என்றார்.

1881-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே மிச்சிகன் மாநிலத்தில் பெரும் காட்டுத்தீ பரவியது. புதிய சங்கத்தின் கிளைகள் உணவும் உடையும் பணமும் திரட்டி அனுப்பின. 1882-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றது. 1884-இல் ஓஹையோ ஆறு பெருக்கெடுத்தபோது, கிளாரா நீராவிக் கப்பலில் கரியும் துணியும் உணவும் ஏற்றிக் கரையோர ஊர்கள்தோறும் சென்றார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் கால்நடைகள் பட்டினியால் மடிவதைக் கண்டு தீவனமும் வழங்கினார். மாடு மடிந்தால் அடுத்த பருவத்தில் உழவர் குடும்பமும் பட்டினி கிடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதே ஆண்டு ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, அமைதிக்காலப் பேரிடர்களிலும் செஞ்சிலுவைச் சங்கங்கள் பணியாற்றலாம் என ஏற்றது. இது அமெரிக்கத் திருத்தம் என்றே பெயர்பெற்றது.

மஞ்சள் காய்ச்சல்: தேர்வும் பயிற்சியும் ஏன் வேண்டும்

1888-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. கொசுவினால் அது பரவுகிறது என்பது அப்போது நிறுவப்படவில்லை. 1900-ஆம் ஆண்டில்தான் கியூபாவில் நடைபெற்ற ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. எனினும் ஒருமுறை அக்காய்ச்சல் வந்து பிழைத்தவரை அது மீண்டும் தாக்குவதில்லை என்பதை மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகவே, அவ்வாறு பிழைத்த செவிலியர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து அனுப்பப்பட்டனர். அவர்களுள் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இருந்தனர். நோய் பரவியிருந்த மெக்லென்னி என்னும் சிற்றூரில் கவனிப்பாரின்றி மக்கள் கிடப்பதை அறிந்து, ஒரு குழுவினர் மழை பெய்த இரவில் ரயிலிலிருந்து இறங்கி அங்குச் சென்று பணியாற்றினர்.

மறுபுறம், ஜாக்சன்வில்லில் பணியாற்றிய சில செவிலியர்களின் நடத்தை பற்றிப் புகார்களும் எழுந்தன. அவசரத்தில் ஆள்களைச் சேர்த்ததன் விளைவு அது. நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் இருந்தால் மட்டும் போதாது; பயிற்சியும் ஒழுங்கும் மேற்பார்வையும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

ஜான்ஸ்டவுன்: ஐந்து மாதங்கள்

1889-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை கனமழையில் உடைந்தது. மரங்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் நகரை அழித்தது. 2,209 பேர் உயிரிழந்தனர். ஐந்து நாள்களில், ஜூன் 5-ஆம் நாள், 67 வயதான கிளாரா மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய குழுவுடன் அங்குச் சென்றார். அந்த நகரில் ஒரு பெண்மணியால் என்ன செய்துவிட முடியும் என்று தொடக்கத்தில் அதிகாரிகள் தயங்கினர்.

அங்கு ஆற்றப்பட்ட பணிகளை நீங்கள் வரிசைப்படுத்திப் பார்த்தால், இன்றைய பேரிடர் வழிகாட்டுதல்களின் வடிவம் அதில் தெரியும். காயமடைந்தோருக்குக் கூடாரங்களில் சிகிச்சை அளிக்கப்பட்டது. குழுவினர் வீடு வீடாகச் சென்று, நடமாட இயலாதோரையும் உதவி கேட்கக் கூசியோரையும் கண்டறிந்து அவர்தம் தேவைகளைக் குறித்தனர். நன்கொடைப் பொருள்கள் கிடங்கில் வகைபிரித்து அடுக்கப்பட்டு, கணக்கெழுதி வழங்கப்பட்டன. நன்கொடையாக வந்த மரத்தைக்கொண்டு செஞ்சிலுவை விடுதிகள் எனப்பட்ட இருமாடித் தங்குமிடங்கள் எழுப்பப்பட்டன. ஆற்றிலும் இடிபாடுகளிலும் பிணங்களும் விலங்குகளின் உடல்களும் சிக்கியிருந்த நகரில், குடற்காய்ச்சலுக்கு எதிரான விழிப்பும் கிருமிநீக்கமும் உயிர்காக்கும் பணிகளாயின.

செய்தியாளர்களும் பார்வையாளர்களும் சில வாரங்களில் கலைந்தனர். கிளாராவின் குழு இலையுதிர்காலம்வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அங்கேயே இருந்தது. பேரிடரின் இரண்டாம் கட்டம் என்று ஒன்று உண்டு. அப்போது காயங்கள் குறையும். மாசுற்ற நீரால் வரும் நோய்களும், விட்டுப்போன நாட்பட்ட நோய்ச் சிகிச்சையும், மனத்துயரமும் மிகும். கவனம் குறையும் அக்காலத்தில்தான் செவிலியர் தேவை மிகுதியாகிறது.

கடற்தீவுகளும் கால்வெஸ்டனும்

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தென் கரோலினாவின் கடற்தீவுகளைச் சூறாவளி தாக்கியது. ஏறத்தாழ 30,000 பேர் வாழ்விடமும் விளைச்சலும் இழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முன்னாள் அடிமைகளும் அவர்தம் வழியினருமான கறுப்பின உழவர்கள். மாநில அரசும் நாடாளுமன்றமும் போதிய நிதி அளிக்காத நிலையில், கிளாராவும் அவரது களப்பொறுப்பாளரான மருத்துவர் ஜூலியன் ஹப்பலும் ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்குப் பணியாற்றினர். கையிருப்பு சிறிதாக இருந்தமையால் உணவு அளந்து பங்கிடப்பட்டது. வடிகால் வெட்டுதல், வீடு திருத்துதல் ஆகிய பொதுப்பணிகளில் ஈடுபட்டோருக்குக் கூடுதல் பங்கு வழங்கப்பட்டது. தேங்கிய நீர் வடிந்ததால் நிலம் மீண்டும் பயிரிடத் தக்கதாயிற்று. காய்கறி விதைகள் வழங்கப்பட்டன. நன்கொடையாக வந்த பழைய ஆடைகளைத் தைத்துச் சீராக்கும் பொறுப்பை ஊர்ப் பெண்களே ஏற்றனர்.

1900-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரம் சூறாவளியால் அழிந்தது. குறைந்தது 6,000 பேர் மாண்டனர். கிளாரா தமது 78-ஆம் வயதில் அங்குச் சென்றார். அதுவே அவரது இறுதிப் பேரிடர்ப் பயணமாக அமைந்தது. நகரத்தாருக்கு உதவியதுடன், உள்நாட்டு உழவர்களுக்கு 15 இலட்சம் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகள் கிடைக்கவும் அவரது சங்கம் வழிசெய்தது.

குறைகளும் அவற்றின் பயனும்

கிளாராவின் பணியில் குறைகளும் இருந்தன. சங்கத்தின் முடிவுகளைப் பெரும்பாலும் தாமே எடுத்தார். பொறுப்புகளைப் பிறரிடம் பகிர்ந்தளிக்கத் தயங்கினார். களத்தில் செலவிட்ட பணத்திற்கு வரவுசெலவுக் கணக்கு போதிய அளவு பேணப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, விசாரணையும் தொடங்கியது. அவர் தமக்கெனப் பொருள் எடுத்தார் என்பது நிறுவப்படவில்லை. எனினும் 1904-ஆம் ஆண்டு அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு தனிமனிதரின் தியாகத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாடு நிலைக்காது. விதிகளும் கணக்கும் பயிற்சி பெற்ற பணியாளர் பட்டியலும் வேண்டும் என்பது அதன் பின்னர்த் தெளிவாயிற்று.

1905-இல் அவர் தேசிய முதலுதவிக் கழகத்தைத் தொடங்கி, முதலுதவிப் பெட்டிகளையும் பயிற்சியையும் பரப்பினார். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், மேரிலாந்தின் க்ளென் எக்கோ என்னும் ஊரில் தமது 90-ஆம் வயதில் காலமானார். அதற்குள், 1909-ஆம் ஆண்டு ஜேன் டெலானோ என்னும் பயிற்சி பெற்ற செவிலியரின் தலைமையில் செஞ்சிலுவைச் செவிலியர் பிரிவு உருவாகியிருந்தது. தகுதி சரிபார்க்கப்பட்ட செவிலியர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்து வைத்திருந்தமையால், 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது 8,000-க்கும் மேற்பட்டோர் ஆயத்தமாக இருந்தனர். கிளாரா தொடங்கிய பணியில் இருந்த குறையை அடுத்த தலைமுறைச் செவிலியர்கள் இவ்வாறு நிரப்பினர்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியவை சில உள்ளன.

• நிவாரண முகாமிற்குச் சென்றதும் உங்கள் பெயரையும் உடனிருப்போர் பெயர்களையும் தவறாமல் பதியுங்கள். பிரிந்துபோன உறவினர் உங்களைக் கண்டறிய அதுவே வழி.

• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவராயின், கேட்கப்படும் முன்னரே செவிலியரிடம் கூறுங்கள். மருந்துச் சீட்டையோ மருந்து அட்டையையோ நெகிழி உறையிலிட்டுக் கையோடு வைத்திருங்கள்.

• கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், முதியோர், நடமாட இயலாதோர் அருகில் இருப்பின் தெரிவியுங்கள். உதவி கேட்கக் கூசுவோர் எக்காலத்திலும் உண்டு.

• கொதிக்கவைத்த அல்லது குளோரின் கலந்த நீரையே பருகுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச்சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட்டுச் செவிலியரிடம் செல்லுங்கள்.

• காய்ச்சல் இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால் மறைக்காதீர்கள். ஒருவரின் காய்ச்சல் முகாம் முழுவதற்குமான எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

• பொருள் வழங்க விரும்பினால், முகாமின் தேவைப்பட்டியலைக் கேட்டறிந்த பின்னர் வழங்குங்கள். வகைபிரிக்கப்படாத பொருள்குவியல், செவிலியரின் நேரத்தை நோயாளிகளிடமிருந்து பறித்துவிடும்.

• தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய பின்னரும், சில வாரங்களுக்குச் செவிலியர் உங்கள் வாசலுக்கு வந்து விசாரிக்கலாம். நலமாகவே உள்ளோம் என்று கூறி அனுப்பிவிடாமல், உறக்கமின்மை, மனத்தளர்ச்சி உட்பட அனைத்தையும் அவரிடம் கூறுங்கள்.

செவிலியர் பயிற்சி பெறுவோர் இப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒன்று கூற வேண்டும். களத்திற்குச் செல்லும் பையில் கட்டுத்துணியுடன் ஒரு கைவிளக்கும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். மின்சாரமும் கைப்பேசியும் செயலிழந்த இரவுகளில் உங்கள் பணி தடைப்படாமல் தொடர இவை உதவும்.